அண்ணனின் டர்போவைப் பிடித்த பேய்

இலக்கியம் படிக்கும் பெண்ணைப் பழுதான காரில் ஏற்றக் கூடாது. கார் நின்றால் மற்றவர்கள் காரணத்தைத் தேடுவார்கள். அவள் அர்த்தத்தைத் தேடுவாள். பொது உண்மையைப் போல இதைச் சொல்லித் தொடங்கினாலும், அந்தப் பெண் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. எப்படியும் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பாதிப் பேருக்கு என் கதை தெரியும். நான்தான் அது என்பது மட்டும் தெரியாது.

என் அண்ணன் ரவி குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். சம்பாதித்ததில் பெரும்பகுதியைத் தம் சின்னக் காருக்குள் கொட்டியிருந்தார். அந்தக் காருக்கு டர்போ பொருத்தியது எங்கள் குடும்ப வரலாற்றில் ஒரு திருப்பம். டர்போ என்பது எஞ்சினின் மூக்கில் காற்றை அடித்துத் திணிக்கும் விசிறி என்று அவர் எனக்கு விளக்கினார். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். அதற்காகப் பழைய தொட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பந்தயக் கார்களில் உள்ளதைப் போன்ற அலுமினியத் தொட்டி ஒன்றைப் பின்பக்கத்தில் வைத்தார். பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று காட்டும் முள் ஒன்றும் முன்பக்கம் முளைத்தது. தொட்டிக்குக் குழாய் இழுத்து, எஞ்சினின் கணினியையும் சரிசெய்து கொடுத்தவர் மேகலா, ஈப்போவில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை பார்க்கும் பொறியாளர். கார் சரியாக ஓடியதோ இல்லையோ, அவர்கள் இருவருக்கும் கல்யாணம் முடிவானது.

புது டர்போவுக்கு அம்மா வீட்டு வாசலில் பூசை போட்டார். "புதுசா வச்சதுக்கெல்லாம் பொட்டு வை பாப்பா" என்று சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. (அதுதான் பிரச்சினையே.) முன்பக்கம் எளிது. பின்பக்கத்துக்குப் பொட்டு வைக்க இடம் தேடினேன். எண் பலகைக்கு மேலே, நட்ட நடுவே, நெற்றிக்கென்றே செய்துவைத்தாற்போல் ஒரு சிறிய வட்டம் இருந்தது. அதில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். கார் கழுவும்போதுகூட அண்ணன் அந்தப் பொட்டை விட்டுவிட்டுத்தான் கழுவுவார். சாமிக்கு வைத்ததை யார் அழிப்பார்கள்?

கார் முதலில் நின்றது சிம்பாங் பூலாய் அருகில். அண்ணனோடு நானும் இருந்தேன். முள் மெல்ல மெல்ல இறங்கியது. எஞ்சின் இருமியது, இரண்டு முறை வெடித்தது, பிறகு அடங்கிவிட்டது. சாலையோரம் நின்று அண்ணன் அதன் பரம்பரையைத் திட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துச் சாவியைத் திருப்பியதும், ஒன்றுமே நடக்காததுபோல் உயிர் பெற்றது. வடிகட்டியை மாற்றினார். அம்மா வெள்ளிக்கிழமை மறுபடி பூசை போட்டார். பழைய பொட்டின் மேலேயே, ஓரம் பிசகாமல், புதுப் பொட்டு வைத்தேன்.

அடுத்த முறை அது ஈப்போ நகருக்குள் நின்றது. பெட்ரோல் பம்பை மாற்றினார். மறுபடி பூசை, மறுபடி பொட்டு. அதற்கடுத்து செம்மோரில் நின்றது.

செம்மோரில்தான் நான் அதைக் கேட்டேன். தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க அண்ணன் மூடியைத் திருகினார். நான் காருக்கு மறுபக்கம் நின்றேன். காற்று அசையாத மாலை. யாரோ ஒரு பெண், வெகுகாலமாக அடக்கி வைத்திருந்ததை விட்டுவிடுவதைப் போல, நீண்ட பெருமூச்சு விட்டாள். சுற்றிப் பார்த்தேன்; எங்களைத் தவிர யாரும் இல்லை. அண்ணன் அப்போது சீன மொழியில் கற்ற கெட்ட வார்த்தைகளை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்ததால் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

சிம்பாங் பூலாய், ஈப்போ, செம்மோர். அன்றிரவு படுக்கையில் இந்த ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தெற்கிலிருந்து வடக்காக ஒரே சாலை. ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் அருகில். அண்ணன் இதைப் பழுது என்றார். எனக்கு அது ஒரு திசையாகத் தெரிந்தது. எதுவோ எங்கள் வீட்டை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது.

பெருமூச்சுக்குரியவளுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. மூடப்பட்ட எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவள்; கல்யாணத்துக்கு முதல் நாள் இறந்தவள்; வெளிர்நிறச் சேலை, அவிழ்ந்த கூந்தல்; வேகமாகப் போகிறவர்களைப் பிடிக்காதவள். இதை அம்மாவிடம் பொறுமையாக, தகுந்த இடைவெளிகளோடு சொன்னேன். அம்மாவின் முகம் வெளிறியது. அண்ணனின் பரிசத்துக்கு முந்தின மாலை, இருப்பதிலேயே பெரிய பூசையைப் போட்டார். நான் இருப்பதிலேயே கனமான பொட்டை வைத்தேன்.

பரிசம் சனிக்கிழமை, சிம்பாங் பூலாயில் பெண் வீட்டில். மாப்பிள்ளையின் தங்கை பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும். எமகண்டம் பிறப்பதற்குள் வைக்க வேண்டும். தவறினால் இனி ஆடி கழிந்துதான் என்று பெண்ணின் தாய்மாமன் கறாராகச் சொல்லியிருந்தார். "நடுரோட்ல நிக்கிற காடி வச்சிருக்கிற பையன்" என்று அவருக்கு ஏற்கெனவே ஒரு குறை. அம்மாவும் அப்பாவும் தட்டுகளோடு வேனில் முன்னால் போய்விட்டார்கள். கடையில் பூ கட்டி முடிக்கத் தாமதமானதால், பூவும் மாப்பிள்ளையும் பூ வைப்பவளும் அண்ணனின் காரில் மாட்டிக்கொண்டோம். கிளம்பும்முன் அம்மா என் சேலையைப் பார்த்து, "நல்ல நாளும் அதுவுமா வெள்ளையாடி கட்டுவ?" என்று கேட்டிருந்தார்.

"இது வெள்ளையில்லம்மா, தந்த நிறம்" என்று திருத்தியிருந்தேன்.

குறுக்கு வழியென்று அண்ணன் பழைய தோட்டச் சாலையில் திருப்பினார்.

"அண்ணே, இந்த வழி வேணாம்லா."

"அஞ்சு நிமிசம் மிச்சம் பாப்பா. நீ முள்ள மட்டும் பாரு, எறங்குனா சொல்லு."

நான் சொல்லும்முன்பே அது இறங்கிவிட்டது. கார் இருமியது, வெடித்தது, உருண்டு போய் முனியாண்டி கோயிலடியில் நின்றது. எங்கள் வீட்டுக் கூரை அங்கிருந்தே தெரியும். செம்மோருக்கு அடுத்த நிறுத்தம் இதுதான்.

உச்சி வெயில். சாலையில் ஆள் இல்லை. தொழிலாளர்கள் விட்டுப்போன, கூரையில்லாத லயத்து வீடுகள் வாயைத் திறந்தபடி வரிசையாக நின்றன. காய்ந்த ரப்பர்க் காய்கள் மரத்தில் படீர் படீரென்று வெடித்துக் கொட்டைகள் சருகில் விழுந்தன; ஒவ்வொரு சத்தமும் யாரோ ஒருவர் ஓரடி எடுத்து வைத்ததுபோல் இருந்தது. முனியின் காலடியில் ஒரு சுருட்டு பாதி எரிந்து புகைந்துகொண்டிருந்தது. வைத்தவரைக் காணவில்லை.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்மூடியைத் திறந்தார். செயலியில் வாடகைக் கார் தேடினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா அழைத்தபோது, "வந்துக்கிட்டே இருக்கோம்மா" என்று அண்ணன் நின்ற இடத்திலிருந்தே சொன்னார். அடுத்து மேகலா காணொளியில் அழைத்தார். ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டியிருந்தது.

"டேய், எங்கடா இருக்க?"

மேகலாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "மாப்பிள்ளைய டேய்னா கூப்பிடுறது?"

"எங்க இருக்கீங்க, மாப்பிள்ளை?"

அண்ணன் போனை என் கையில் திணித்துவிட்டு மறுபடி எஞ்சினுக்குள் தலையை விட்டார்.

"பாப்பா, முள்ளு எப்படி விழுந்துச்சு? சட்டுனா, மெல்லவா?" என்று மேகலா கேட்டார்.

"மெல்ல. உயிர் பிரியற மாதிரி."

"கவித வேணாம். மெல்லன்னா ஒயர் கோளாறு இல்ல. கொஞ்ச நேரம் விட்டா தானா ஸ்டார்ட் ஆவுதா?"

"முனிக்கு வேண்டிக்கிட்டா ஆவுது."

"வேண்டிக்காட்டியும் ஆவும். எண்ணெ எவ்வளவு இருக்கு?" எங்கள் ஊரில் பெட்ரோலுக்கும் எண்ணெய் என்றுதான் பேர்.

"நேத்துதான் ஃபுல்லா போட்டேன்!" என்று எஞ்சினுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்ப இன்னும் சீக்கிரமா நிக்கும். பாப்பா, எண்ணெத் தொட்டி மூடியத் தெற."

நான் அசையவில்லை. "வேணாங்க்கா. தெறந்தா அவ மூச்சு விடுவா."

"எவ?"

சொன்னேன். பால்மரம், கல்யாணத்துக்கு முதல் நாள், அவிழ்ந்த கூந்தல், வீட்டை நோக்கி வரும் சாலை, எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகுதான் கவனித்தேன். ஒலிபெருக்கியில் பெண் வீட்டார் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாருக்கு" என்றார் மேகலா. "இப்ப தெற."

திறந்தேன். ஹ்ஹ்ஹாஆஆ... செம்மோரில் கேட்டதைவிட நீளமாக, ஆழமாக, என் மணிக்கட்டின் மேலேயே உரசிக்கொண்டு வந்தது. பெண் வீட்டில் ஒரு தட்டு கீழே விழும் சத்தம் கேட்டது.

மேகலா சிரித்தார். "அலாமாக்! அது பொம்பள இல்ல பாப்பா, தொட்டி. எண்ணெ கொறையக் கொறைய உள்ள காத்து போவணும். போவலன்னா உள்ள இழுத்துப் புடிச்சுக்கும், பம்பு என்னதான் உறிஞ்சினாலும் எண்ணெ வராது. காத்துப் போறதுக்குப் பின்னாடி வழி வச்சேன். நம்பர் பிளேட்டுக்கு மேல வட்டமா ஒரு சின்ன வலை. காட்டு."

நான் போனைத் திருப்பிக் காட்டினேன்.

சந்தனம் காய்ந்து சிமெண்டாகியிருந்தது. நான்கு பூசைகளின் பொட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம் பிசகாமல், நடுவில் குங்குமத்தோடு கம்பீரமாக வீற்றிருந்தது. பூசைக்குப் பூசை அடைப்பு இறுகியது. இறுக இறுக, வீட்டிலிருந்து கிளம்பிய கார் வீட்டுக்கு அருகிலேயே நின்றது. எங்கள் வீட்டை நோக்கி நடந்து வந்தது என் ஆள்காட்டி விரல்.

"எவ்ளோ அழகா வச்சிருக்கா!" என்றது பெண் வீட்டிலிருந்து ஓர் அத்தையின் குரல்.

"மூடியத் தளத்தி விட்டுட்டு அப்படியே போலாமா?" என்று அண்ணன் கேட்டார்.

"எண்ணெ சிந்தி எரிஞ்சு போவியா? குத்தி எடுக்கச் சொல்லுடா! ...சொல்லுங்க, மாப்பிள்ளை."

தொட்டி மூடியை இறுகத் திருகி மூடிவிட்டு, கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவிக் குத்தினேன். வளைந்தது. இன்னொன்றை உருவினேன். மூன்றாவதை உருவியபோது கொண்டை மொத்தமும் சரிந்து கூந்தல் இடுப்பு வரை விழுந்தது. முடிந்துகொள்ள நேரமில்லை. அண்ணனோ முன்மூடிக்குப் பின்னால் மறைந்து நின்று ஏதோ ஒரு குழாயை மாட்டிக்கொண்டிருந்தார். தந்த நிறச் சேலையும் அவிழ்ந்த கூந்தலுமாக, உச்சி வேளையில், முனி கோயிலடியில் குனிந்து நான் ஒரு காரின் நெற்றியைக் குத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கேஸ் சிலிண்டர் கொண்டுபோகும் ஒருவர் மோட்டார்சைக்கிளில் வந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினேன். எங்கள் கண்கள் சந்தித்தன. அவர் வாய் திறந்தது, வண்டி ஆடியது, ஒரு காலிச் சிலிண்டர் கழன்று சாலையில் உருண்டது.

பிறர் பொருள்மீது எனக்குள்ள அக்கறை அந்த நேரத்திலும் குறையவில்லை. ஊசி பிடித்த கையை உயர்த்தி, "அண்ணே!" என்று கூப்பிட்டேன்.

ஒரு மோட்டார்சைக்கிள் அவ்வளவு வேகமாகப் போக முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதில் டர்போகூட இல்லை.

எமகண்டத்துக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். பெட்ரோல் வாடையும் விரித்த கூந்தலும் மஞ்சள் படிந்த நகங்களுமாக நான் பூத்தட்டோடு நுழைந்ததும், வாசலில் விளையாடிய இரண்டு பிள்ளைகள் அலறிக்கொண்டு உள்ளே ஓடின. தாய்மாமன் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வழிவிட்டார். பூவை வைத்துவிட்டு, பெண்ணின் நெற்றிக்குச் சந்தனத்தைக் கொண்டுபோனேன். மேகலா தலை குனிந்தபடியே, உதடசையாமல் சொன்னார்:

"மூக்க விட்டுடு பாப்பா. மூச்சு விடணும்."

இது நடந்து நாளாகிவிட்டது. மேகலா இப்போது என் அண்ணி. வீட்டில் இணையம் நின்றாலும் சலவை இயந்திரம் நின்றாலும், "இதுக்கும் பொட்டு வச்சியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தோட்டத்துப் பக்கம் நடக்கக் கிளம்பினால், "இன்னைக்கு டியூட்டியா?" என்பார் அண்ணன். பூசைக்குச் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வருவதே இல்லை.

சென்ற மாதம் பூக்கடை அக்கா எனக்குப் புத்தி சொன்னார்: "முனி கோயில் பக்கம் உச்சி வேளையில போவாதம்மா. வெள்ளச் சேல, அவுத்துவிட்ட முடி, கையில ஊசி. கேஸ் போடுறவர் பாத்திருக்காருலா. 'அண்ணே'ன்னு கூப்பிட்டாளாம். இன்னமும் அந்த வழியா போவ மாட்டேங்கிறாரு."

வெள்ளை இல்லை, தந்த நிறம் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

"அதுக்கு முன்னாடியே அவரு காதுகிட்ட பெருமூச்சு விட்டாளாம்" என்றார் அக்கா, பூவை முழம் போட்டபடி. "அதக் கேட்டுத்தான் திரும்பியே பாத்தாராம்."

தொட்டி மூச்சு விட்டபோது சாலையில் ஆளே இல்லை. அவர் வந்தபோது மூடி இறுக மூடியிருந்தது. நான் கூப்பிட்டேன், பெருமூச்சு விடவில்லை. எவ்வளவு அவமானத்திலும் இப்படிப்பட்ட விவரங்களில் நான் தவறுவதில்லை.

அன்று மாலையே அண்ணியிடம் இதைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் விடை வைத்திருப்பவர், கையிலிருந்த கிரீசைத் துணியில் விரல் விரலாகத் துடைத்தார்.

"இனிமே அங்க போறப்ப ரெண்டு ஹார்ன் அடிச்சிட்டுப் போலாம்லா" என்றார். "எதுக்கும்."

அடிக்கிறோம். அந்த இடத்தில் தொட்டி மூடியை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் திறப்பதில்லை.