நாற்பத்தேழு விரல்கள்

நாற்பத்தேழு அண்ணை! திருகோணமலைத் துறைமுகத்தடியில் அடுத்தவர் விரலை எண்ணியே ஆயுளை ஓட்டிய மனிதர் உங்களைத் தவிர வேறொருவர் இல்லை.

வாசிக்கிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். துறைமுகப் பக்கம் ஒரு தகரப் பட்டறையில் வேலை செய்கிறேன். சண்டையால் கரண்ட் இல்லாத ஊர்களுக்கு மண்ணெண்ணெய் விளக்கு மூடி அடிக்கிறோம். பிரஸ் மெஷினில் தகரத்தை வைத்துக் காலால் மிதித்தால், மேல் அச்சு 'டக்' என்று இறங்கி, வட்டமாக வெட்டி, நடுவில் திரிக்கு ஓட்டையும் போட்டுவிடும். தகரமா விரலா என்று அதற்குத் தெரியாது. என் கை உழைப்பில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

பட்டறையில் ஐந்து பேர். முதலாளி, ஈயம் ஒட்டும் சரோ அக்கா, தகரம் வெட்டும் நசீர் நானா, நான், பிறகு அண்ணை. பின்னேரம் வேலை முடிந்ததும் அண்ணை வாசலை மறித்து நிற்பார். முதலாளி உட்பட எல்லோரும் கையை நீட்ட வேண்டும். எண்ணுவார்.

"நாப்பத்தேழு! சரி, போங்கோ."

எங்கள் நாலு பேருக்கும் நாற்பது. அவருக்கு ஏழு. மிச்சம் மூன்றையும் முந்தி வேலை செய்த இடத்து பிரஸ் எடுத்துவிட்டது.

"அந்த மூண்டும் எங்க அண்ணை?" என்று நசீர் நானா சீண்டுவார்.

"மூடியோட மூடியாப் போயிட்டுது நானா. ஆற்றையோ வீட்டில விளக்கு வடிவா எரிஞ்சிருக்கும்."

ஆமிக் காவலரணான சென்றியில் அடையாள அட்டை கேட்டால்கூட, முதலில் விரலை விரித்துக் காட்டுவார். பழக்கம். ஒருநாள் ஒரு ஆமிக்காரன் எண்ணிப் பார்த்துவிட்டு, மிச்சத்தை எங்கே ஒளித்திருக்கிறாய் என்பது போல அவருடைய சாப்பாட்டுப் பையைத் தடவினான்.

நான் பிரஸ்ஸில் இருந்த முதல் நாளே, வலைக்கயிற்றால் என் இரண்டு மணிக்கட்டையும் கட்டினார். மறுமுனை ஒரு கப்பி வழியாக மேல் அச்சோடு போகும். அச்சு இறங்கினால் கயிறு கையைப் பின்னுக்கு இழுத்துவிடும். அவரே யோசித்துச் செய்தது.

"மாட்டைக் கட்டுற மாதிரிக் கட்டுறியள் அண்ணை. ரோட்டால போறவை சிரிக்கினம்."

"சிரிக்கட்டும். விரல் போனா அவையே தரப்போகினம்?"

பிறகு ஒருநாள் காலை ஆமியின் சுற்றிவளைப்பு வந்தது. உள்ளே வந்த இரண்டு ஆமிக்காரர், மெஷினோடு கட்டியிருந்த பெண்பிள்ளையைக் கண்டார்கள். துவக்கு நேரே அண்ணையின் நெஞ்சுக்கு வந்தது. சிங்களத்தில் ஒரே அதட்டல். அண்ணைக்குத் தெரிந்த சிங்களம் தேத்தண்ணி கேட்க மட்டும்தான் காணும்.

"மிதி பிள்ளை," என்றார்.

மிதித்தேன். டக். கை பின்னுக்கு வந்தது. ஒருவனுடைய முகம் மலர்ந்துவிட்டது. தானும் அடித்துப் பார்க்க வேண்டும் என்று என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தான். வேறு யாராக இருந்தாலும் தள்ளி நின்றிருப்பார்கள். அண்ணை போய் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக் கயிற்றைச் சுற்றத் தொடங்கினார்.

முதலாளிக்கு வேர்த்து ஒழுகியது. "உனக்கென்ன விசரே? ஆமிக்காரன்ர கையைக் கட்டுறாய்!"

"கட்டாமல் ஏலாது முதலாளி. ஆற்றை விரலெண்டாலும் விரல்தான்."

அவன் அண்ணையின் கையைப் பார்த்தான். ஏழு விரலையும் பார்த்தான். துவக்கை மற்றவனிடம் கொடுத்துவிட்டு அடுத்த கையையும் நீட்டினான். நாலு மூடி அடித்தான். ஒன்றைப் பொக்கெற்றில் போட்டுக்கொண்டு போனான்.

அன்று பின்னேரம் எங்களை எண்ணி முடித்து, "காலமை ஐம்பத்தேழு இருந்தது," என்றார் அண்ணை.

இன்னொரு நாள், மூதூர் போகும் லோஞ்சுப் படகில் ஏற்ற மூடி அவசரம். அண்ணை சாப்பிடப் போன நேரம் முதலாளி, "கயிற்றைக் கழட்டு பிள்ளை, கெதியா அடிக்கலாம்," என்றார். கழற்றினேன். திரும்பி வந்த அண்ணை என் வெறும் மணிக்கட்டைக் கண்டார். மெஷினை நிற்பாட்டினார். அதன் பெல்ட்டை உருவி, அந்தப் பெல்ட்டின் மேலே உட்கார்ந்துகொண்டார்.

"லோஞ்சு போகப்போகுது! வேலையை விட்டிட்டு வெளியில போ!" என்று முதலாளி கத்தினார்.

"போறன். பிள்ளையைக் கட்டிப்போட்டுப் போறன்."

கட்டினார். பெல்ட்டையும் திரும்ப மாட்டினார்; ஆனால் போகவில்லை. நான் முகத்தை நீட்டிக்கொண்டு அடித்தேன். கொஞ்ச நேரத்தில் தகரம் வழுகியது, பிடிக்கக் கை உள்ளே போனது. கால் ஏற்கெனவே மிதித்துவிட்டது. தோள் கழன்றது போல ஒரு இழுப்பு. டக். நிமிர்ந்தேன். அண்ணை நின்ற இடத்திலிருந்தே என் கையைப் பார்த்து வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

"பத்து," என்றார். அவ்வளவுதான். லோஞ்சு போய்விட்டது.

போன மாதம் ஊரடங்கு நேரத்தில் அண்ணைக்கு நெஞ்சு நோவு வந்தது. ஊரடங்கு எடுபட முதலே போய்விட்டார்.

செத்தவீடு முடிந்து மறுநாள் வேலைக்கு வந்தோம். பின்னேரம் ஆனதும், ஒருவரும் சொல்லாமலே முதலாளி வாசலுக்குப் போய்க் கையை நீட்டினார். நாங்களும் நீட்டினோம். நான் எண்ணினேன். நாற்பது. ஒரு விரலும் சேதமில்லை. ஆனாலும் வாசலைத் தாண்ட ஒருவருக்கும் கால் வரவில்லை.

இதை வாசிக்கிறவர்களே, நீங்கள் கை கூப்பிக் கும்பிடுகிறவர்களோ, கை ஏந்தித் துஆ கேட்கிறவர்களோ, இன்றைக்கு எங்கள் நாற்பத்தேழு அண்ணைக்காகவும் எல்லோரும் ஒருதரம் கேளுங்கள். முதலில் உங்கள் விரல்களை எண்ணிவிட்டுக் கேளுங்கள். அவருக்கு அது பிடிக்கும்.