ஆதாம் அண்ணாத்தயின் விலா எலும்பு

எழுபதுகளில் செங்கல்பட்டு ஜங்ஷனில் இறங்கிய ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது ஆதாம் அண்ணாத்த விலா எலும்பு எண்ணியிருப்பார். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த நாங்கள் ஏழு பேர் ஸ்டேஷன் பக்கம் வீடெடுத்துத் தங்கியிருந்தோம். அவர் எங்கள் சமையற்காரர். சொந்த ஊர் கோவளம்; மனைவியும் ஒரே மகளும் அங்கேதான். இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. சுறா கடித்தது என்பார். வஞ்சிரம் வெட்டும்போது போனது என்று ஊரே சொல்லும்.

"ஆம்பளைக்கு இடது பக்கம் ஒரு எலும்பு கம்மி. ஆண்டவரு அத்த உருவித்தான் ஏவாளப் பண்ணாரு" என்பது அவர் கட்சி. அதனால்தான் அந்தப் பெயர். பால்காரர், தபால்காரர் யாரையும் விடமாட்டார். சட்டைக்கு மேலேயே தடவி, "பதினொண்ணு, பாத்தியா?" என்பார். பால்காரர் நெளிந்து முடிப்பதற்குள் எண்ணி முடித்திருப்பார்.

படிக்கிற திமிர் சும்மா இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை என் எலும்புப் பெட்டியைத் திறந்து விலா எலும்புகளைப் பாயில் பரப்பினேன். இடது பன்னிரண்டு, வலது பன்னிரண்டு.

"இது பொம்பள எலும்பா இருக்கும்பா."

"ஆம்பளதான் அண்ணாத்த. இடுப்பெலும்பப் பாத்தாலே தெரியும்."

மூன்று முறை எண்ணினார். அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்றோடு ஜெபம் நின்றது. பரிமாறுமுன் எங்கள் ஏழு பேரையும் பெயர் சொல்லி, "இந்தக் கய்தைங்கள பாஸ் பண்ண வையும் ஆண்டவரே" என்று கேட்பது அவர் வழக்கம். நாங்கள் சிரிப்போம். இப்போது அனாட்டமி வைவா பரீட்சைக்கு நான்கே நாள். ரசத்தில் உப்பில்லை, வீட்டில் சத்தமில்லை. ஜெயித்த எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"இன்னா அண்ணாத்த, ஜெபம் பண்ணலியா?"

"ஒரு எலும்பு பொய்யின்னா, மீதி எது நெசம்னு எனுக்கு இன்னாபா தெரியும்?"

பாத்திரத்தைப் பிடித்திருந்த அவருடைய இடது கை கண்ணில் பட்டது.

"உம் பொண்ணுக்கு எத்தினி வெரலு?"

"பத்து. ஏன்?"

"உனுக்கு ஒம்போதுதான கீது? அப்பன் வெரலு போனா புள்ளைக்குமா போவும்? ஆதாமுக்கு ஒரு எலும்பு போனா நமுக்கு ஏன் போவணும்?"

பாத்திரம் கீழே விழுந்தது.

"அட, ஆமாம்பா! கம்மி அவருக்கு மட்டுந்தான்!"

ஆதாம் என்று ஒருவர் இருந்தாரா என்ற கேள்விக்கே நான் போகவில்லை. என் பாடப்புத்தகம் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். மறுநாள் பால்காரரை நிறுத்தி மறுபடி எண்ணினார்: "பன்னண்டு! ஆண்டவரு உனுக்கு ஒரு கொறையும் வெக்கல!" அன்று ஜெபம் முடிவதற்குள் சோறு ஆறிப்போனது. ஏழு கழுதைகளும் பாஸ்.

இப்போதும் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தால் இடது பக்கத்தை மட்டும் இரண்டு தடவை எண்ணுகிறேன். என்றைக்காவது யாருக்காவது ஒன்று குறைந்திருந்தால், கோவளத்துக்குப் போய் அவர் கல்லறையில் சொல்லிவிட்டு வர வேண்டும். எவ்வளவு சந்தோஷப்படுவார்!