திறக்காத கேட் கீப்பர்

கேட் கீப்பர் என்றதும் உங்களுக்கு ரயில்வே கேட்டை ஏற்றி இறக்குகிறவர் ஞாபகத்துக்கு வருகிறாரா? அவர் பாவம், தங்கமான மனிதர். ரயில் போனதும் திறந்துவிடுவார். நான் சொல்ல வந்தது, ரயில் போன பிறகும் திறக்காத இனத்தை.

இந்த இனம் எங்கும் வளரும். பாட்டுக் குழுவில் சேரப் போனால், "பழைய பாட்டெல்லாம் கேட்டிருக்கீங்களா? அதைக் கேக்காம நீங்க என்ன ரசிகர்?" என்று வாசலிலேயே பரீட்சை வைக்கும்; அலுவலகத்தில் மேலதிகாரி அறைக்கு முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்து, மேலதிகாரிக்கே தெரியாத விதிகளை உண்டாக்கும். கதவுகூட வேண்டாம். ஒரு நாற்காலியும், "யாரைப் பாக்கணும்?" என்ற கேள்வியும் போதும்.

எங்கள் தெரு கிளினிக்கின் முன்மேஜைக்காரர் இதில் முதல் தரம். போன வாரம் ஒரு பெண் வந்தாள். புது வேலை. பரிசோதனையெல்லாம் முதல் நாளே முடிந்து, சான்றிதழில் டாக்டரின் கையெழுத்து மட்டும் பாக்கி. நாலு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. அப்போது மணி மூன்று. பக்கத்தில் நான் இருமிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, டாக்டர் இருக்காரா?"

"இருக்கார். ஆனா பாக்க முடியாது."

"ஒரே கையெழுத்துதாண்ணே..."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. டோக்கன் எடுத்தீங்களா?"

"டோக்கன் யார் குடுக்கறாங்க?"

"நான்தான். காலையில."

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அழாத குறை. உள்ளே டாக்டரோ ஆளே வராமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மூன்றரைக்குப் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து, மேஜை முன்னால் நின்று, "ஏம்ப்பா, இன்னிக்கு..." என்று ஆரம்பித்தார்.

நம்மவர் டோக்கன் கட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உக்காருங்க, கூப்பிடறேன்" என்றார்.

டாக்டர் உட்கார்ந்துவிட்டார்!

அதுதான் அந்தக் குரலின் மகிமை. உட்கார்ந்த இடம் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில். அவள் காகிதத்தை நீட்டினாள், அவர் முழங்கால்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார், அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். சந்தோஷத்தில் நான் இருமவே மறந்துபோனேன். அப்புறம்தான் நம்மவர் நிமிர்ந்தார்.

"டாக்டர், உங்களை யார் வெளிய விட்டது?"

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நேற்று உங்கள் அப்பாவுக்கு வந்த போனை எடுத்து, "அவர் தூங்கறார், அப்புறம் பேசுங்க" என்று வைத்தீர்களே, எதிரே விழித்தபடி உட்கார்ந்திருந்தவர் ஆசையாக "யாரு?" என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள்?

"யாருமில்லப்பா. நீங்க ரெஸ்ட் எடுங்க."