ஒரேயடி அண்ணையும் ஒரு கணவாயும்

காலை ஆறே முக்கால். வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, பல் தீட்டிக்கொண்டே சட்டைப் பொத்தானைப் பூட்டி, கால் பெருவிரலால் ஃபேனைப் போடும் ஒரு மனிதர்.

ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்து கொழும்பில் எவரும் கண்டிராத ஒரே ஆள் அவர்தான். அவருடைய பெயர் சம்பளப் பிரிவுக்குத்தான் தெரியும். எங்களுக்கு ஒரேயடி அண்ணை. கொட்டாஞ்சேனையிலிருந்து அறை மாறியபோது கட்டில், மேசை, மீன்தொட்டி எல்லாவற்றையும் ஒரே ஓட்டோவில் ஏற்றினார். சாரதிக்குத்தான் இடம் போதவில்லை.

பேலியகொடை மீன் வியாபாரி ஒருவரின் கடைத் திரைக்கு நாங்கள் பைத்தன் என்ற கணினி மொழியில் விலைப்பலகை செய்து கொடுத்திருந்தோம். இடப்பக்கம் மீன்களின் பெயர், வலப்பக்கம் விலை: இரண்டு பட்டியல்கள். அவர் காலையில் சொல்லும் மாற்றங்களை, புதிதாகச் சேர்ந்த ரிஸ்னா ஒவ்வொன்றாகச் செய்வாள். அதுவரை திரையில் பாதி பழசு, பாதி புதுசு. சந்தையில் முழுச் சண்டை. அன்றோடு அவளுடைய தகுதிகாண் காலம் முடிகிறது. இன்னொரு முறைப்பாடு வந்தால் வேலை இல்லை என்று பொஸ் சொல்லியிருந்தார்.

"பிள்ளை, ஏன் ஒண்டொண்டாக் கிள்ளுறீர்? தள்ளும்!" என்றார் அண்ணை.

"வேணாம் அண்ணா, எனக்குப் பயமா ஈக்கி."

"என்ன பயம்? பைத்தனில பட்டியலின்ர ஒரு துண்டை வெட்டிப்போட்டு, அதே இடத்தில புதுத் துண்டை வைக்கலாம். இண்டைக்கு அவர் மாத்தச் சொன்ன மூண்டு மீனும் ஒரே வரியில மாறும். பாரும்!"

தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசி. கிருலப்பனையில் சாப்பாட்டுப் பார்சல் கட்டும் அக்காவிடம் மத்தியானத்துக்குச் சொல்லிக்கொண்டே தட்டினார். "அக்கா, கணவாய்க் கறி கட்டாயம்!" விரல்களும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன. விலைகள் மூன்று சரியாகப் போயின. மீன்கள் நான்கு போயின. நான்காவது, கணவாய்.

பைத்தன் இதற்கெல்லாம் முகம் சுளிக்காது. மூன்றை எடுத்த இடத்தில் நான்கை வைத்தால், கீழே உள்ள பெயர்களை ஓரிடம் தள்ளிவிட்டுப் பேசாமல் இருக்கும். விலைகளோ நின்ற இடத்திலேயே நின்றன.

அலுவலகத் தொலைபேசி அலறியது. மறுமுனையில் வியாபாரி. "மல்லி, நண்டு நெத்தலி விலைக்குப் போகுது! நெத்தலிக்கு விலையே இல்ல, சனம் சும்மா தா எண்டு பையோட நிக்குது!"

அண்ணை வாழ்க்கையில் முதல்முறையாக எதுவும் செய்யாமல் நின்றார். ரிஸ்னா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். கணவாய் நின்ற அந்த ஓரிடத்தில் ஒன்றுமில்லாத வெறும் பட்டியலை வைத்தாள். ஒரே வரிதான். கணவாய் மறைந்தது; கீழே இருந்த மீன்கள் எல்லாம் மேலேறித் தத்தம் விலைக்கு முன்னால் வந்து நின்றன.

"ஒரேயடி! அடிச்சீர் பாரும் ஒரேயடி!" அண்ணை கதிரையில் ஏறிக் கைதட்டினார்.

அப்போது பொஸ் உள்ளே வந்தார். "ரிஸ்னா, வியாபாரி எனக்கும் கோல் எடுத்தவர். நான் சொன்னது ஞாபகம் இருக்கோ?"

அண்ணை கதிரையிலிருந்து குதித்தார். "பொஸ், கணவாயைப் போட்டது நான். பிரிண்டரைப் பழுதாக்கினதும் நான். உங்கட ரோல்ஸைத் திண்டதும் நான். தேத்தண்ணிக் கேத்திலை உடைச்சதும் நான். எல்லாத்தையும் ஒரேயடியாச் சொல்லிப்போட்டன்."

பொஸ் திட்ட வாயைத் திறந்தார். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் மூடினார்.

"அப்ப சரியாக்கினது ஆர்?"

"இந்தப் பிள்ளைதான். ஒரே வரியில."

அன்று மாலை ரிஸ்னாவின் வேலை நிரந்தரமானது.

கேத்தில் உடைந்த கிழமை முழுக்க அண்ணை விடுமுறையில் இருந்தார்.