டஜன் மாஸ்டரும் நாலாவது ஆளும்

டஜன் மாஸ்டர் எண்ணிக் கட்டிய பெட்டியிலிருந்து எமனே வந்தாலும் ஒரு பனியனைக் குறைத்துக் கொண்டுபோக முடியாது. அப்படியே கொண்டுபோனாலும் மறுநாள் காலை எமலோகத்து வாசலில் காக்கிச் சட்டையோடு போய் நின்று, "ஏனுங்க, ஒன்னு கொறையுதுங்களே" என்று கேட்டு வாங்கி வந்துவிடுவார். திருப்பூரில் நான் குமாஸ்தாவாக இருந்த பனியன் கம்பெனியில் அவர்தான் செக்கிங் மாஸ்டர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். ஆறு வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தும் அது என்னவென்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது யுத்தத்தில் பட்டாளத்தில் இருந்தவர். "எங்கீங்க சண்டை போட்டீங்க?" என்று யாராவது வாயைக் கொடுத்தால் மழுப்பவே மாட்டார். "வடக்க ஒரு ஸ்டோருல. நாலு வருசம் பூட்சு எண்ணுனேனுங்க" என்பார். ஒற்றை பூட்ஸ் ஒன்று அதிகமாக வந்ததற்காக ஒரு கூட்ஸ் வண்டியை அரை நாள் நகரவிடாமல் செய்தாராம். "அது எந்தச் சிப்பாயோட சோடிங்க? அவன் அங்க ஒத்தக் காலுல நிக்கறானில்ல?" என்று மேலதிகாரியிடமே கேட்டாராம். வண்டி போனபிறகு மாஸ்டரை வேறு ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள்.

மெஸ்ஸில் ஐந்து இட்லியில் வயிறு நிறைந்தாலும் ஆறாவதை விடமாட்டார். அரை டஜன் கெட்டுப்போகுமாம். என் கல்யாணத்தில் பந்தி முடிந்ததும் என் மாமனாரைத் தனியே அழைத்து, "பதனோரு டஜனுங்க, மேல மூனு பேரு" என்று ரகசியம்போல் சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்று பேர் யாரென்று மாமனார் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒருமுறை காதர்பேட்டை மொத்தக் கடைக்குக் கிளம்பிய தள்ளுவண்டியை நடுரோட்டில் மறித்தார். ஒரு பெட்டியைத் தொட்டு, "இதுல பதனொன்னுதான் இருக்குது" என்றார். பிரித்தோம். பன்னிரண்டு இருந்தது. மனுஷர் அசரவில்லை. வெயிலில் நின்று ஒவ்வொன்றாக விரித்தார். பன்னிரண்டாவது பனியனில் ஒரு பக்கம் கை நுழைகிற வழியையும் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார்கள். "இத எவன் போடறதுங்க? பதனொன்னுதான்" என்றார். அதற்குப் பிறகு அவர் தொட்ட பெட்டியை நாங்கள் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

இப்பேர்ப்பட்டவர் கண்ணில்தான் சாவடிச் சுவரில் இருந்த அந்தக் கல் பட்டது.

எங்கள் தெருமுனைச் சாவடியில் மாட்டுச்சந்தை நோட்டீஸும் மூலவைத்தியர் விளம்பரமும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். ஒரு ஐப்பசி மழையில் எல்லாம் கழன்று விழ, உள்ளே ஒரு கல்வெட்டு தெரிந்தது. முதல் மகா யுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து இருபத்து மூன்று பேர் போனார்கள், அவர்களில் நான்கு பேர் உயிர்விட்டார்கள் என்று வெள்ளைக்காரன் காலத்தில் பொறித்து வைத்தது. ஒரு பெயர்கூடக் கிடையாது.

மாஸ்டர் நேராக என் மேஜைக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது.

"பேக்கிங் சிலிப்பு இல்லாத பொட்டி ஒன்னு வந்திருக்குதுங்க."

"எங்கிருந்துங்க மாஸ்டர்?"

"சாவடிச் செவுத்துல. இருவத்தி மூனு போயிருக்குது, பத்தொம்பது திரும்பியிருக்குது, நாலு ஷார்ட்டு. எந்த நாலுன்னே போடலீங்க. இப்படி ஒரு டெலிவரி உலகத்துல உண்டுங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றே ஒரு நோட்டு வாங்கிவிட்டார்.

பிறகு இரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடு வீடாகப் போனார். எனக்கு இங்கிலீஷ் டைப் தெரியும் என்பதால் பட்டாளத்து ஆபீஸ்களுக்குக் கடிதம் அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. வேடிக்கை பார்க்கத்தான் நான் கூடப் போனேன். போகப் போக எனக்கும் அந்த நான்கு பேர் யாரென்று தெரிந்தால்தான் சோறு இறங்கும் என்கிற நிலைமை வந்துவிட்டது. காக்கிச் சட்டையும் நோட்டுமாக அவரைப் பார்த்ததும் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. ஒரு நெசவுக்கார வீட்டில் அம்மாள் ஒருத்தி முப்பது வயது மகனைத் தறிக்குழிக்குள் உட்காரவைத்து மேலே பாயைப் போட்டு மூடிவிட்டாள். நாங்கள் மோர் குடித்து முடிக்கும்வரை பாய் தும்மிக்கொண்டே இருந்தது.

இருபத்திரண்டு பெயர் கிடைத்தது. இறந்தவர்களில் மூன்று. மிச்சம் ஒரே ஒரு ஆள். போனவர்களில் குறைவதும் அவன்தான், செத்தவர்களில் குறைவதும் அவன்தான்.

கொடி நாள் அன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காகிதக் கொடி விற்க வருவார்கள். மாஸ்டர் அன்றைக்குக் காலையிலேயே கல்லைக் கழுவி, டீ நேரத்தில் தெருவே கூடியிருக்கும்போது அட்டென்ஷனில் நின்று ஆஜர் கூப்பிடுவார்.

"பழனிச்சாமி!"

"ஏனுங்க?" என்று தெருவில் எட்டுப் பேர் திரும்புவார்கள். எங்கள் ஊரில் அந்தப் பெயருக்கு என்றைக்கும் பஞ்சம் கிடையாது.

"நீங்க இல்லீங்க. செத்த பழனிச்சாமி."

"அட, காலங்காத்தால என்னுங்க பேச்சு இது!"

மற்ற இரண்டு பெயரையும் கூப்பிட்டு முடித்தபின், "நாலாவது ஆளு!" என்பார். சொல்லிவிட்டு, பதில் வரும் என்பதுபோலக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். அந்த நேரத்தில் மட்டும் எவரும் சிரிக்கமாட்டார்கள்.

எங்கள் கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் துணி பிரிக்கிற அருக்காணியக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அறுபது வயது தாண்டியும் தலை நிறையப் பூவும், காலணா அகலத்துக்குக் குங்குமமுமாக வருவார். கல்யாணமான மறுவருஷமே, ஒரு காளையை விற்றதில் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு, கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிய புருஷன் திரும்பவில்லை. "வரட்டும், வெளக்கமாத்த எடுத்து வெச்சிருக்கேன்" என்று தினமும் ஒரு தடவையாவது திட்டுவார். திட்டுகிற வேகத்தைப் பார்த்தால் அந்த மனுஷர் சற்றுமுன்தான் வெற்றிலை வாங்கப் போயிருக்கிறார் என்று தோன்றும்.

காணாமல்போன ஆள் என்றால் மாஸ்டர் விடுவாரா? நோட்டும் பென்சிலுமாகப் போய் நின்றார்.

"அக்கா, உங்கூட்டுக்காரரு பேரு என்னுங்க?"

"அவரு கண்டிக்குப் போனவருங்க. பட்டாளத்துக்கு எதுக்குப் போறாரு? அதுவுமில்லாம பேரு எப்படிங்க நா சொல்றது?" புருஷன் பெயரைச் சொல்வதா? "முருகன் பேருதானுங்க."

மாஸ்டர் ஆரம்பித்தார். "வேலுச்சாமிங்களா? ஆறுமுகம்? கந்தசாமி? தண்டபாணி?" முருகனுக்குப் பெயர் கொஞ்சமா? ஒவ்வொன்றுக்கும் அக்கா இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"ஈரோட்டுப் பக்கம் மலைமேல இருக்கறாரேங்க!" என்று கடைசியில் அவரே துப்புக் கொடுத்தார்.

"சென்னியப்பன்!" என்று ஓவர்லாக் மெஷினிலிருந்து ஒரு பெண் கத்தினாள். அருக்காணியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, புதுப்பெண் மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் சிரித்தோம். மாஸ்டர் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்: சென்னியப்பன், கண்டி, நம் கணக்கில் இல்லை.

அறுபத்தைந்து யுத்தம் முடிந்த சமயம். பட்டாளம் என்றால் ஊரே நெஞ்சை நிமிர்த்திய நேரம். எங்கள் முதலாளிக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "கொடி நாளுக்குப் பெரிய ஆபீசர் ஒருத்தர் வர்றாருங்க. நாலு பேரு பேரையும் பளிங்குல வெட்டிச் சாவடியில பதிச்சறலாம். ஆனா நாலும் வேணுமுங்க மாஸ்டர். மூனு பேர வெச்சுப் பாதிக் கல்லு நட்டா ஊரு சிரிக்கும்" என்றார். மாஸ்டருக்கு அன்று இட்லியே வேண்டியிருக்கவில்லை. மனுஷர் கேட்டிருந்த ஒரே வரம் அதுதான்.

பத்தே நாளில் பட்டாளத்து ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. நான்தான் பிரித்து வாசித்துச் சொன்னேன். நான்காவது ஆள் கோவேறு கழுதை ஓட்டுகிற படையில் இருந்தவன். பஸ்ராவில் காய்ச்சலில் இறந்தான். ஊர் எங்கள் ஊர்தான். பெயர் சென்னியப்பன். தகப்பன் பெயரும் அருக்காணியக்காவின் மாமனார் பெயரேதான். உறவினர் என்று கேட்டிருந்த இடத்தில் யாருமில்லை என்று பதிந்திருந்தது.

நான் சந்தோஷத்தில் குதிக்கப் பார்த்தேன். மாஸ்டர் கடிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் அருக்காணியக்கா யாரையோ திட்டிக்கொண்டே வேஸ்ட் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது வரலீங்க."

"எதுங்க?"

"இந்தக் காகிதம். நமக்கு வரவே இல்லீங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தம்மாவுக்குத் தெரிய உரிமை இல்லையா என்று கேட்டேன். இரண்டு வருஷ உழைப்பு, கல், ஆபீசர், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவன் யாருமில்லைன்னு எழுதி வெச்சுட்டுப் போயிட்டானுங்க. இந்தம்மா அம்பது வருசமா அவனத் திட்டித் திட்டியே குடும்பம் நடத்திக்கிட்டு இருக்குது. நாளைக்கு நா போயி அந்தப் பொட்ட அழிச்சுக்குங்கன்னு சொல்லோணுமா? என்னால ஆகாதுங்க."

அவர் செய்தது சரியா என்று இன்றைக்கும் என்னால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. அப்போது அந்தக் கடிதத்தை நான் ஃபைலில் சேர்க்கவில்லை.

"கிடைக்கலீங்க" என்று முதலாளியிடம் சொன்னபோது மாஸ்டர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. முதலாளி உச்சுக்கொட்டினார். ஆபீசருக்கு மாலையும் காபியும் மட்டும் போதும் என்று முடிவாயிற்று. கல் வரவில்லை.

கொடி நாள் வந்தது. ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் கல்லைக் கழுவிவிட்டு அட்டென்ஷனில் நின்றார். பழனிச்சாமியைக் கூப்பிட்டார், எட்டுப் பேர் திரும்பினார்கள். மற்ற இருவரையும் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் சொந்தக்காரர்கள் வந்து கல்லுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கொடி குத்திவிட்டுப் போனார்கள்.

"நாலாவது ஆளு!" என்றார்.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து அருக்காணியக்கா இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். பிள்ளைகளிடம் வாங்கிய ஒரு காகிதக் கொடி கையில் இருந்தது.

"ஏனுங்க மாஸ்டரு, எல்லாருக்கும் குத்தறாங்க, இவருக்கு மட்டும் யாருமில்லீங்களா? எவ பெத்த புள்ளையோ, பாவம். நா குத்தறனுங்க."

குத்தினார். கொடி சாய்ந்தது. அதை நிமிர்த்தி, கட்டை விரலால் நன்றாக அழுத்திவிட்டு, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போய் நின்றார்.

மாஸ்டர் சல்யூட் வைத்தார். ஆபீசர் தனக்கென்று நினைத்து எழுந்து பதில் சல்யூட் வைத்தார். மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தது அருக்காணியக்காவை. கையை இறக்க மறந்து நின்றார். நான்தான் போய் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினேன். கம்பெனி வாசல்வரை அதை விட எனக்கு மனசு வரவில்லை.