முள்ளெலிக்குப் பின்னால்

கெட்டில் ஆவியில் ஆல்பத்தைக் காட்டி, முள்ளெலி ஸ்டிக்கரை நகத்தால் மெல்லக் கிளப்பினார் ஹென்னிங். ஸ்டிக்கர் வந்துவிட்டது. அடியிலும் முகத்தை மறைத்துக் கறுப்பு மை.

பிரேமன் நகர மழலைப் பள்ளி பிரிவு நாளன்று கொடுத்த ஆல்பம். பிள்ளைகளின் முகங்களில் எல்லாம் விலங்கு ஸ்டிக்கர்கள். மூன்று வயதில் எடுத்த படத்தில், மஞ்சள் மழைக்கோட்டு போட்ட முள்ளெலிதான் அவர் மகள் ஃபென்யா. அந்தக் கோட்டை அளவு பார்த்து வாங்கியவரே அவர்தான். பக்கத்தில் ஒரு தவளை கையாட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளின் முகம் இணையத்துக்குப் போகவே கூடாதென்று, சட்டப்பிரிவுகளோடு மூன்று பக்கக் கடிதம் எழுதியவரும் அவர்தான். எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கினார். வீட்டிலும் படம் எடுத்ததில்லை. கைப்பேசி அதை எங்கே அனுப்பும் என்று யார் கண்டது?

திங்கட்கிழமை ஃபென்யா பெரிய பள்ளிக்குப் போகிறாள். மூன்று வயதில் எப்படி இருந்தாள் என்று நேற்று நினைத்துப் பார்த்தார். முகம் வரவில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வரவேயில்லை.

ஆசிரியை வீப்கேவுக்குப் போன் செய்தார்.

“ஸ்டிக்கர் ஒட்டாத படம் வேணும்.”

“அழிச்சாச்சே ஹென்னிங். ‘அச்சானதும் அழிக்கணும்.’ உங்க கடிதம், ரெண்டாம் பக்கம்.”

“இப்ப நானே சம்மதம் தர்றேன்.”

“எதுக்கு? இல்லாத படத்துக்கா?”

முள்ளெலியை அதன் இடத்தில் திரும்ப வைத்துப் படமெடுத்து, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ‘இந்த மஞ்சள் கோட்டுக் குழந்தையின் படம் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.’

“எங்களை ஆழம் பார்க்கிறியா?” என்றார் ஒருவர்.

ஒரு தாய் மட்டும் இரக்கப்பட்டு நான்கு படங்கள் அனுப்பினாள். மஞ்சள் கோட்டின் மேல், முகம் இருக்கவேண்டிய இடத்தில், நான்கிலும் உருளைக்கிழங்கு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள்.

பிறகு, ஃபென்யாவோடு படித்த ஓலேவின் அப்பா டெட்லெஃப் கூப்பிட்டார். “யாரைக் கேட்டு அந்தப் படத்தைத் தேடுற? உன் கடிதத்தை வச்சே உன் மேல புகார் எழுதியாச்சு.”

“என் பொண்ணைத் தேட உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?” என்று கத்தி, போனை வைத்தார்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து மையைத் துடைத்தார். மையோடு தாளும் உரிந்து வந்தது.

ஃபென்யா வந்து தோளில் சாய்ந்து பார்த்தாள்.

“ஏன்ப்பா ஓலே மூஞ்சியைச் சுரண்டுற? என் கோட்டை அவன் போட்டிருக்கான். நான் தவளைப்பா.”