விசில் மிஸ்ஸும் என் மகளின் முதுகும்

வெள்ளவத்தையில் காலி வீதி என்ற பெருந்தெருவின் வாகனங்களை வெறும் மூச்சால் நிறுத்தக்கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். என் மகளுக்கு நீச்சல் பழக்கிய விசில் மிஸ். ஐம்பது வயதைத் தாண்டியவர், கட்டையான உருவம், ஆம்பிளைப் பிள்ளைபோல் வெட்டிய தலைமயிர், கழுத்தில் சிவப்பு நூலில் எப்போதும் ஒரு விசில். வீதியைக் கடக்க, நடப்பவர்களுக்குப் போட்ட மஞ்சள் கோடுகளைத் தேடி அவர் நடந்ததை நான் பார்த்ததில்லை. ஒரு ஊதல்தான். பாணந்துறை பஸ்ஸும் பிரேக் போடும். டிரைவர் சிங்களத்தில் ஏதோ முணுமுணுப்பான். அதற்கும் ஒரு சின்ன ஊதல் ஊதிவிட்டு மிஸ் போய்விடுவார்.

பட்டுச்சேலை கட்டினாலும் விசிலைக் கழற்றமாட்டார். ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டு வரிசைக்குள் ஒரு பெரிய மனிதர் இடையில் புகுந்தார். மிஸ் ஊதினார். பெரிய மனிதர் வரிசையின் கடைசிக்குப் போனார். மேடையில் தவில்காரரும் அடிப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த ஊதல் வரும்வரை திரும்பத் தொடங்கலாமா என்று அவருக்குச் சந்தேகம்.

பிள்ளைகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நீச்சல் குளத்தில் அவர்கள் நீந்தும் லேனின் இலக்கம்தான் பெயர். என் மகள் சங்கவி ‘மூன்று’. மல்லாக்காகப் படுத்து நீந்தும் முதுகு நீச்சலில் அவள் கெட்டிக்காரி. ‘மூன்று, வானத்தைப் பார்’ என்பதுதான் மிஸ் அவளுக்குச் சொல்லும் அதிகபட்சப் புத்திமதி.

சங்கவிக்குப் பதினான்கு வயதானபோது முதுகில் பருக்கள் வந்தன. சும்மா ஒன்றிரண்டு இல்லை. தோளிலிருந்து இடுப்புவரை, சிவந்து, சிலது சீழ் கட்டி, சாய்ந்து இருக்கக்கூட முடியாமல். பாதிக்குமேல் ஆறும், திரும்ப வரும். நான் யாரையும் கேட்கவில்லை. குளத்துத் தண்ணீரில் போடும் குளோரின்தான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். வைத்தியமும் நானே செய்தேன். தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, பிழிந்து மஞ்சளோடு குழைத்துப் பூசி, பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். எரிகிறது என்று சொன்னபோது, எரிந்தால்தான் கிருமி சாகும் என்றேன். எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள்.

அதோடு விட்டேனா? நீச்சலுக்கு வரும் பிள்ளைகளின் தாய்மாருக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. அதில் நீளமாக எழுதினேன். குளத்தில் மருந்து அளவில்லாமல் போடுகிறார்கள், விசில் மிஸ் கவனிப்பதில்லை, என் மகளின் முதுகு முழுக்கப் புண்ணாகிவிட்டது என்று. எழுதுவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. உவமைகள்கூடப் போட்டேன்.

இரண்டாம் நாள் மிஸ் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தார். லிஃப்ட் பழுது. நாலு மாடி ஏறி வந்தும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை, கதவைத் திறந்த எனக்குத்தான் வாங்கியது. ஹோலில் என் கணவரும் அவருடைய அண்ணாவும் ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே கதைத்தார். அவ்வளவு நீளமாக அவர் கதைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“உங்கட பிள்ளை, எங்கட ‘மூன்று’, மாதத்தில ஒரு கிழமை, ஏழு நாளும், ரீ-ஷேர்ட் போட்டுக்கொண்டுதான் தண்ணிக்குள்ள இறங்குறா. பிறகு ரெண்டு மூண்டு நாள் வாறேல்லை. திரும்ப வரேக்க ரீ-ஷேர்ட் இல்லை. தண்ணியால எண்டா எல்லா நாளும் இருக்கோணும். இது பீரியட்ஸோட வாற பரு. தேசிக்காய் பூசித் தேய்க்கிறியளாம், மூன்று சொன்னவ. தேய்க்காதேங்கோ. தோல் டொக்டரிட்ட காட்டுங்கோ.”

பிறகு திரும்பி நின்று, சட்டைக் கொலரைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினார். கழுத்துக்குக் கீழே கறுத்த தழும்புகள்.

“என்ர அம்மாவும் தேசிக்காய்தான் பூசினவ.”

எனக்கு முகம் கொதித்தது. தழும்பைப் பார்த்ததால் அல்ல. ஆம்பிளைகள் இருக்கிற ஹோலில் பீரியட்ஸ் என்ற சொல் விழுந்துவிட்டதே என்று. கணவரின் அண்ணா ரீக் கோப்பைக்குள் எதையோ தேடினார். நான் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை.

“நீங்கள் நீச்சலை மட்டும் பாருங்கோ, மிஸ். பிள்ளையின்ர மற்ற விசயத்தைத் தாய் நான் பாத்துக்கொள்ளுவன்.”

அவர் ‘ஓம், சரி’ என்றார். இறங்கிப் போய்விட்டார்.

அந்த மாதமே ஆறேழு தாய்மார் பிள்ளைகளை நிறுத்தினார்கள். குளத்தை நடத்தியவர்கள் மிஸ்ஸின் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். சங்கவியும் போகமாட்டேன் என்றாள். நான் எழுதியதைப் பிள்ளைகளெல்லாம் தாய்மாரின் போனில் வாசித்திருந்தார்கள். அது எனக்கு உறைக்கவே பல நாளானது.

குளத்தை விட்டு இரண்டு மாதமாகியும் பருக்கள் வரவேண்டிய கிழமையில் சரியாக வந்தன. இனிக் குளோரினைப் பேச முடியாது. டொக்டரிடம் போனோம். அந்த அம்மா முதுகைப் பார்த்தார், திகதிகளைக் கேட்டார். பீரியட்ஸுக்கு முந்திய கிழமையில் ஹோர்மோன் மாறுவதால் தோலில் எண்ணெய் கூடுகிறது, அழுக்கால் வருவதில்லை என்றார். தேசிக்காய் பூசிய கதையைக் கேட்டதும் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கழுவ ஒரு மருந்தும் பூச ஒரு ஜெல்லும் எழுதினார். தேய்க்கக் கூடாது, கிள்ளக் கூடாது, வியர்த்த உடுப்போடும் ஈர உடுப்போடும் இருக்கக் கூடாது, இரண்டு மூன்று மாதம் பொறுக்கவேண்டும். நீந்தலாமா என்று சங்கவி கேட்டாள். தாராளமாக, முடிந்த கையோடு குளித்தால் போதும் என்றார்.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும் அவள் மருந்துச் சீட்டை வாங்கி வாசித்தாள். பிறகு, “மிஸ் சொன்னதுதானே, அம்மா” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

அந்த மருந்து குளித்துத் துடைக்கும் எங்கள் துவாய்களையெல்லாம் திட்டுத்திட்டாக வெளிறவைத்தது. தலையணை உறைகளும் தப்பவில்லை. ஆனால் மூன்றாம் மாதம் முதுகு ஆறத் தொடங்கியது. முழுதாக அல்ல. அந்தக் கிழமையில் இன்னும் நாலைந்து வரும். இப்போது அவள் திகதியைக் குறித்துவைத்து முன்கூட்டியே கவனித்துக்கொள்கிறாள். நான் பூசிய இடங்களில் கறுப்பு அடையாளங்கள் இருக்கின்றன. அவை மங்க இன்னும் காலம் எடுக்குமாம்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று குளத்துக்குப் போனேன். அலுவலகத்துப் பெடியனிடம் மிஸ்ஸின் நம்பர் கேட்டேன். என்ன பெயர் என்றான். நாலு வருடம் என் பிள்ளையைத் தண்ணீரில் தாங்கியவரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. விரலை வாயில் வைத்து ஊதிக் காட்டினேன். உடனே விளங்கிக்கொண்டான். அவர் நோர்வேயில் இருக்கும் தங்கச்சியிடம் போய்விட்டார், பழைய நம்பர் வேலை செய்யவில்லை என்றான்.

போன மாதம் சங்கவியின் பாடசாலை நீச்சல் போட்டி நடந்தது. ரீ-ஷேர்ட் இல்லாமல் இறங்கினாள், முதுகு நீச்சலில் மூன்றாவதாக வந்தாள். நான் முன்வரிசையில் இருந்தேன். பக்கத்துக் கதிரையில் என் கைப்பையை வைத்திருந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம், பிள்ளைக்கு நீச்சல் பழக்கிய ஆள் வருகிறது என்று சொன்னேன்.